நார்மலா, மயக்கம் குடுத்தா?

அம்பத்தூர் ஓ.டி.யிலோ ஆவடி செக்போஸ்ட் பக்கமோ பூந்தமல்லி டிரங்க் ரோட்டிலோ எண்டோஸ்கோபி எடுக்கிற ஏதாவது ஓர் இடத்துக்குப் போய்ச் சீட்டை நீட்டிப் பாருங்கள். கவுண்டரில் இருக்கும் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்பார்: "நார்மலா சார், மயக்கம் குடுத்தா?" ரெண்டுக்கும் ரெண்டு ரேட். மயக்கம் என்றால் ஊசி போட்டுத் தூங்க வைத்து எடுப்பது. காசு அதிகம், கூட ஆள் வேண்டும். நார்மல் என்றால் தொண்டையில் மரத்துப்போகிற மருந்தை அடித்து, பல்லுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் வளையத்தைச் செருகி, ஒன்பது பத்து மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாயை வாய் வழியாக இறக்குவது. ஆள் முழு நினைவோடு இருப்பார். ஓங்கரிப்பார். கண்ணிலும் மூக்கிலும் தண்ணி கொட்டும். நர்ஸ் தலையைப் பிடித்துக்கொண்டு "மூச்சு விடுங்க, மூச்சு விடுங்க, அவ்ளோதான், முடிஞ்சிடுச்சு" என்பார். முடிந்திருக்காது.

இதற்குத்தான் நார்மல் என்று பெயர்.

காசு இருப்பவர் தூங்குவார், இல்லாதவர் ஓங்கரிப்பார் என்பதை நாம் இட்லி ரேட், தோசை ரேட் மாதிரி ஏற்றுக்கொண்டுவிட்டோம். அந்த ரேட் அட்டையோடுதான் எனக்குச் சண்டை. ஏனென்றால் மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. ஐந்து, ஆறு மில்லிமீட்டர் மட்டுமே தடிமனுள்ள மெல்லிய எண்டோஸ்கோப்பை மூக்கு வழியாக விட்டு, மயக்க ஊசியே போடாமல், ஆளை உட்கார வைத்து உணவுக்குழாயைப் பார்ப்பது. இது நேற்று வந்ததும் இல்லை. அமெரிக்காவின் மில்வாக்கியில் ரெசா ஷேக்கர் என்ற மருத்துவர் இதன் செய்முறையை 1994-லேயே எழுதி வெளியிட்டுவிட்டார். முப்பது வருஷம் தாண்டிவிட்டது. நான் கேட்டுப் பார்த்த இந்தப் பக்கத்துக் கவுண்டர்களில் இதற்கு ரேட்டும் இல்லை, பேரும் இல்லை. ஓரிடத்தில், "மூக்கு டாக்டர் அடுத்த பில்டிங் சார்" என்றார்கள்.

ஓங்கரிப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் இந்த வழியின் அருமை புரியும். சின்ன வயதில் விஷம் குடித்தவருக்கு விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கும் காட்சியை ஏதாவது படத்தில் பார்த்திருப்பீர்கள். அந்த விரல் தொடுகிற இடம்தான்: அடிநாக்கு, உள்நாக்கு, அதன் ரெண்டு பக்கத்துத் தொண்டைச் சுவர். வாய் வழியாகப் போகிற எந்தக் குழாயும் அந்த இடத்தை அழுத்திக்கொண்டுதான் வளைய வேண்டும். மூக்கு வழியாகப் போவது அண்ணத்துக்குப் பின்னால் இறங்கி, தொண்டையின் பின்சுவரை ஒட்டியபடியே உணவுக்குழாயின் வாசலுக்கு வந்துவிடுகிறது. அடிநாக்கை அது அழுத்துவதில்லை. சுத்தமாகக் குமட்டலே வராது என்று சத்தியம் செய்ய மாட்டேன், வெகுவாகக் குறைந்துவிடும். குழாயும் குறுக்குவெட்டில் கணக்குப் போட்டால் பழசில் மூன்றில் ஒரு பங்கு. மூக்கில் சதையைச் சுருக்குகிற சொட்டு மருந்து, லிக்னோகெயின் ஜெல், கொஞ்ச நேரம் காத்திருப்பு, பிறகு "எச்சிலை முழுங்குங்க" என்று ஒரு வார்த்தை. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், வாய் சும்மா இருக்கிறது. பேசலாம். "டாக்டர், ஒரு நிமிஷம் நிறுத்துங்க" என்று சொல்லலாம். வாயில் வளையத்தோடு ஒருக்களித்துப் படுத்திருப்பவரால் அதைச் சொல்ல முடியாது, கையைத்தான் ஆட்ட முடியும். அந்தக் கையையும் ஒருத்தர் பிடித்திருப்பார்.

"மூக்குலயா? நம்ம ஜனங்க தாங்க மாட்டாங்க சார்." இதைச் சொன்னவர் ஒரு டாக்டர். எனக்கு ரைல்ஸ் டியூப் ஞாபகம் வந்தது.

பக்கவாதம் வந்த தாத்தா, குடல் ஆபரேஷன் முடிந்த மாமா, விழுங்க முடியாத பாட்டி, இப்படி வீட்டுக்கு ஒருவராவது மூக்கில் பிளாஸ்டருடன் அந்தக் குழாயோடு இருந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதன் மேல் ஒரு நம்பர் இருக்கும். நம்பரை மூன்றால் வகுத்தால் தடிமன் மில்லிமீட்டரில் கிடைக்கும். பெரியவர்களுக்குச் சாதாரணமாகப் போடுகிற 16-ஆம் நம்பர் டியூப் 5.3 மில்லிமீட்டர். அதாவது அந்த மெல்லிய எண்டோஸ்கோப்பின் அளவு. அதை வார்டில், பெரும்பாலும் வெறும் ஜெல் தடவி, கேமரா இல்லாமல் குருட்டாம்போக்கில், பயிற்சியில் இருக்கிற ஒரு பையனோ நர்ஸோ இறக்குகிறார்கள். வயிறு வரைக்கும். அப்புறம் நாள்கணக்கில் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். நம்ம ஜனங்கள் தாங்கத்தான் செய்கிறார்கள். அதே தடிமனில், கண் வைத்த ஒரு குழாயை, மரக்கவைத்து, பார்த்துப் பார்த்து, சில நிமிஷத்துக்கு மட்டும் விடலாமா என்று கேட்டால்தான் திடீரென்று நம் ஜனங்களின் மூக்கு மென்மையாகிவிடுகிறது. 2020-ல் தெருமுனையில் ஷாமியானா போட்டு ஊர் முழுக்க மூக்கில் குச்சி விட்டபோது இந்தக் கருணை எங்கே போயிருந்தது?

கொலராடோ சிறுவர் மருத்துவமனையில் ஒவ்வாமையால் உணவுக்குழாய் வீங்கும் குழந்தைகளுக்கு இதைச் செய்கிறார்கள். அடிக்கடி பார்க்க வேண்டிய நோய் அது; ஒவ்வொரு தடவையும் மயக்கம் கொடுக்க முடியாது. கண்ணில் விஆர் கண்ணாடி மாட்டிவிட்டால் பிள்ளை ஏதோ படம் பார்த்துக்கொண்டிருக்கிறது, டாக்டர் மூக்கு வழியே வேலையை முடித்துவிடுகிறார். ஜப்பானில் வயிற்றுப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வருகிறவர்கள் மூக்கா வாயா என்று தேர்ந்தெடுக்கும் கிளினிக்குகள் சர்வசாதாரணம். எஸ்டேட்டில் பவர் பிரஸ்ஸில் நிற்கிற ஆளுக்கு மட்டும் தாங்காது.

இந்தக் கருவியின் சரித்திரமே யார் எவ்வளவு தாங்குவார் என்ற கேள்வியில்தான் தொடங்குகிறது. 1868-ல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் அடால்ஃப் குஸ்மௌல் 47 சென்டிமீட்டர் நீளமும் 13 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள வளையாத குழாய் ஒன்றை வைத்திருந்தார். அதை யார் விழுங்குவார்? கத்தி விழுங்குகிற வித்தைக்காரர் ஒருவரைத்தான் பிடிக்க முடிந்தது. அங்கிருந்து வளைகிற குழாய்க்கு வந்ததில் நம் ஆள் ஒருவருக்குப் பங்கு உண்டு. பஞ்சாப் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டனில் ஹரால்ட் ஹாப்கின்ஸுடன் சேர்ந்து, கண்ணாடி இழைக் கற்றை வழியாகப் படத்தைக் கடத்தலாம் என்று 1954-ல் 'நேச்சர்' இதழில் காட்டினார். 1957-ல் அமெரிக்காவில் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் அப்படியொரு வளையும் ஸ்கோப்பைச் செய்து, முதலில் தானே விழுங்கிப் பார்த்துவிட்டுத்தான் நோயாளியிடம் போனார். (இதை ஒரு விதியாகவே வைக்கலாம். "நார்மல்" என்று ரேட் அட்டை அடிக்கிற ஒவ்வொரு முதலாளியும் ஒரு தடவை.) கருவி மெலிந்துகொண்டே வந்திருக்கிறது. நாம்தான் இன்னமும் நோயாளியிடம் வித்தைக்காரரை எதிர்பார்க்கிறோம்.

இதுவரை சொன்னதெல்லாம் சௌகரியம் பற்றியது என்று யாராவது ஒதுக்கலாம். பத்து நிமிஷக் கஷ்டம்தானே, பொறுத்துக்கட்டும். சரி, வாயே திறக்காதவரை என்ன செய்வீர்கள்?

பட்டரவாக்கம் ஸ்டேஷனில் ஷிஃப்ட் விடுகிற நேரத்தில் இறங்கிப் பாருங்கள். நடைமேடைச் சுவரின் சிவப்புக் கறை யார் துப்பியது என்று தெரியும். கொட்டைப்பாக்குச் சீவல், புகையிலை, சுண்ணாம்பு சேர்த்துத் தேய்த்த மாவா. சட்டப்படி தடை, பெட்டிக்கடையில் கேட்கிற விதமாகக் கேட்டால் கிடைக்கும். நைட் ஷிஃப்டில் தூக்கம் வராமல் இருக்க, பசி தெரியாமல் இருக்க, வடக்கே இருந்து வந்த பையனும் போடுகிறான், திருத்தணியிலிருந்து ரயிலேறி வருகிற அண்ணனும் போடுகிறார். பாக்கு மட்டுமே தனியாகப் புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. அது புற்றுநோய்க்கு முன்னால் இன்னொன்றைச் செய்யும். வாயின் உள்சவ்வு நாராக இறுகிப்போகும். முதலில் காரம் பட்டால் எரியும். பிறகு வாய் சுருங்கும். நம் மூன்று விரலைச் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் வைக்க முடிய வேண்டும். இவர்களுக்கு ரெண்டு போகும், அப்புறம் ஒன்று. டாக்டர்கள் இதை ஓரல் சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ் என்பார்கள். ஒரு வாய் சோற்றைத் தட்டையாக்கித் திணித்துக்கொள்கிற ஆளை நான் எஸ்டேட் மெஸ்ஸில் பார்த்திருக்கிறேன், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன்.

உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு மிக வாய்ப்புள்ள ஆட்களில் இவர்களும் உண்டு. புகையிலையும் பாக்கும் வாயோடு நின்றுவிடுவதில்லை, சாறு கீழே இறங்குகிறது. வாயில் புற்று வந்தவருக்கு உணவுக்குழாயிலும் தனியாக இன்னொன்று இருக்கலாம் என்பது 1950-களிலிருந்தே மருத்துவம் அறிந்தது. அவர்களுக்கு ஆபரேஷனும் கதிர்வீச்சும் முடிந்த பிறகு தாடை இன்னும் இறுகிவிடும். ஆக, யாருடைய உணவுக்குழாயைக் கட்டாயம் பார்க்க வேண்டுமோ அவருடைய வாயில் அந்தப் பிளாஸ்டிக் வளையமே நுழையாது.

"மயக்கம் குடுத்துப் பாத்துடலாமே?" இங்கேதான் வேடிக்கை. தூங்கிக்கொண்டிருக்கும் ஆளுக்கு மூச்சு நின்றால் வாயைத் திறந்து குழாய் போட வேண்டும். வாய் திறக்காது என்பதால் இப்படிப்பட்டவரைத் தூங்க வைக்க மயக்க மருத்துவர்களுக்கே பயம். முழு மயக்கம் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் அவர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? ஆள் விழித்திருக்கும்போதே, மரத்துப்போகிற மருந்தை அடித்து, மெல்லிய ஸ்கோப் ஒன்றை மூக்கு வழியாக விட்டு, அதன் மேல் சுவாசக் குழாயை ஏற்றுவார்கள். அதாவது, மூக்கு வழியாக மயக்கமில்லாமல் பார்ப்பதைத் தவிர்ப்பதற்காக, மூக்கு வழியாக மயக்கமில்லாமல் ஒரு ஸ்கோப்பை விடுவார்கள்.

நம் சிறுகதைகளில் யாருக்காவது புற்றுநோய் வந்தால் உடனே ஜன்னலுக்கு வெளியே மழை பெய்யத் தொடங்கிவிடும். நோய் உருவகமாகிவிடும். அந்த ஆள் ரிப்போர்ட் கையில் வருவதற்கு முன்னால் எத்தனை மாசம் எந்த டெஸ்டைத் தள்ளிப்போட்டார், ஏன் போட்டார் என்று எழுதியவர்கள் குறைவு. தள்ளிப்போடுவதுதான் இந்த நோயின் கதை. ஆரம்பத்தில் நெஞ்செரிச்சல், எதுக்களிப்பு. "கேஸ் ட்ரபிள்" என்று மெடிக்கல் ஷாப்பில் சொன்னால் பான்டாப் கிடைக்கும், காலையில் வெறும் வயித்தில் ஒன்று. வருஷக்கணக்கில் போகும். பிறகு பரோட்டா சிக்கும், தண்ணி குடித்தால் இறங்கும். அப்புறம் இட்லி. அப்புறம் கஞ்சிதான். கெட்டியான சாப்பாடு சிக்குகிறது என்று ஆள் உணரும்போதே குழாய் கணிசமாகக் குறுகியிருக்கும். இந்தியாவில் வருஷத்துக்கு 60,000-க்கு மேல் புதிதாக உணவுக்குழாய்ப் புற்றுநோயாளிகள். வருஷா வருஷம் இறப்பவர்களின் எண்ணிக்கையும் ஏறக்குறைய அதே அளவு. வருகிறவர்கள் தாமதமாக வருகிறார்கள் என்பதைத் தவிர இதற்குப் பெரிய ரகசியம் எதுவும் இல்லை.

ஏன் தாமதம்? விழிப்புணர்வு இல்லை என்பார்கள். விழிப்புணர்வு என்பது காசு செலவில்லாமல் நோயாளியின் தலையில் கட்டக்கூடிய குற்றச்சாட்டு. நான் வேறு கணக்குப் போடுகிறேன். மயக்கத்தில் எடுத்தால் அன்றைக்கு முழுக்க வண்டி ஓட்டக்கூடாது, மிஷினில் நிற்கக்கூடாது, கூட ஓர் ஆள் வர வேண்டும். லேத் ஓட்டுகிறவருக்கு ஒரு நாள் கூலி போச்சு, அடுத்த நாள் காலை ஷிஃப்டும் சந்தேகம். கூட வருகிற மனைவி கார்மென்ட்ஸில் வேலை என்றால் அவருக்கும் ஒரு நாள். டெஸ்ட் ரேட்டோடு இதையும் கூட்டுங்கள். கான்ட்ராக்டில் இருப்பவர் என்றால் லீவு கேட்டதற்காக சூப்பர்வைசரிடம் வாங்குகிற வசவு தனி. இல்லை, காசு வேண்டாம், நார்மலாகவே எடுக்கலாம் என்றால் ஏற்கெனவே எடுத்த பக்கத்து மிஷின்காரர் சொல்லியிருப்பார்: "ஐயோ, செத்துப் பொழச்சேன்டா. சாவுற வரைக்கும் அது வேணாம்." கவுண்டரில் இருக்கும் ரெண்டு ரேட்டில் ஒன்று கட்டுப்படியாகாது, மற்றது பயமுறுத்தும். ஆள் பான்டாப்புக்கே திரும்புகிறார். மூக்கு வழியில் இந்தக் கணக்கு மாறும். தொண்டை மரப்பு விட ஒரு மணி நேரம் போல ஆகும், அதற்குள் எதையும் சாப்பிடக் கூடாது. அப்புறம் டீயைக் குடித்துவிட்டுத் தனியாக பஸ் ஏறலாம். செகண்ட் ஷிஃப்டுக்கே போகலாம்.

மயக்க ஊசி கெட்டது என்று நான் சொல்லவில்லை. ரத்தக்குழாய் வீங்கி வெடித்தவருக்கு வளையம் போடவும், சிக்கிய மீன் முள்ளை எடுக்கவும், ஸ்டென்ட் வைக்கவும் பெரிய குழாய்தான் வேண்டும், தூக்கமும் வேண்டும். மெல்லிய குழாய்க்குக் குறைகள் உண்டு. உறிஞ்சும் சக்தி கம்மி. திசு எடுக்கிற இடுக்கி சின்னது, ஆகவே ரெண்டு மூன்று துணுக்கு கூடுதலாக எடுக்க வேண்டும். நூறில் சில பேருக்கு மூக்கில் ரத்தம் கசியும், பெரும்பாலும் தானே நிற்கும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தண்டு வளைந்த மூக்கில் ஒரு துளையில் போகாது, சிலருக்கு ரெண்டிலுமே போகாது. படம் மங்கல் என்ற குறை பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நியாயமாக இருந்தது, இப்போதைய மாடல்களில் அது பெரிதாக எடுபடாது. எல்லாம் சரி. ஆனால் இந்தக் குறைகளில் ஒன்றுகூட, "முழுங்கக் கஷ்டமா இருக்கு, உள்ளே என்னன்னு பாருங்க" என்று வருகிற ஆளுக்கு இதைக் காட்டாமலே ஒளிப்பதற்குக் காரணமாகாது.

காரணம் வேறு இடத்தில் இருக்கிறது என்பது என் சந்தேகம். தூங்க வைப்பதற்கு பில் போடலாம். தூங்காமல் இருந்ததற்கு எப்படி பில் போடுவது? புதிதாக ஒரு ஸ்கோப் வாங்க வேண்டும், அது சீக்கிரம் பழுதாகும், அதற்கு வருமானம் இந்த நார்மல் ரேட்டில்தான். இன்னொன்று, எல்லைத் தகராறு. மூக்கு காது தொண்டை டாக்டர் தினமும் மூக்கு வழியாக மெல்லிய ஸ்கோப் விட்டுக் குரல்வளையைப் பார்க்கிறார், மயக்கம் கிடையாது, ஓ.பி.யிலேயே, அடுத்த பேஷன்ட் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. கை பழகிய வேலை. ஆனால் குரல்வளைக்குப் பின்னால் தொடங்குவது குடல் டாக்டரின் சொத்து. குடல் டாக்டருக்கு மூக்கு அடுத்தவர் வீட்டு வாசல். நடுவில் இருப்பது 25 சென்டிமீட்டர் உணவுக்குழாய். நோயாளிக்கு அது ஒரே உடம்பு என்பதை ரெண்டு பேருக்கும் யார் சொல்வது?

"பேஷன்ட்டே மயக்கம்தான் சார் கேக்கறாங்க" என்கிறார்கள். கேட்பார்கள்தான். எதிரில் வைத்திருப்பது நரகம் என்றால் யாரும் தூக்கத்தைத்தான் கேட்பார்கள். நடுத்தர வர்க்கத்துக்கு இப்போது தூக்கம் ஒரு கௌரவம்கூட: "எனக்கு ஒண்ணுமே தெரியல, கண்ணத் தெறந்தா ரிப்போர்ட்." தன் உடம்புக்குள் என்ன நடந்தது என்று ஒன்றுமே தெரியாமல் இருப்பதைக் காசு கொடுத்து வாங்கிப் பெருமைப்பட்டுக்கொள்கிறோம். மூக்கு வழியில் உட்கார்ந்திருப்பவர் திரையைப் பார்க்கலாம். தன் உணவுக்குழாயின் இளஞ்சிவப்பை, பித்தம் ஏறிப் புண்ணான இடத்தை, டாக்டர் விரல் வைத்துக் காட்டும்போதே, "இது எதனால டாக்டர்?" என்று கேட்கலாம். மாவாவை விடச் சொல்லி ஆயிரம் போஸ்டர் ஒட்டுவதைவிட அந்த ஒரு நிமிஷம் வேலை செய்யும் என்று நான் நம்புகிறேன்.

தனியார் சென்டர்களிடம் கெஞ்சிப் பயனில்லை. நான் கைகாட்டுவது ஈ.எஸ்.ஐ.யை. அம்பத்தூர், ஆவடி, திருமழிசை எஸ்டேட்டுகளில் மாசம் 21,000 ரூபாய் வரை வாங்குகிற தொழிலாளியின் சம்பளத்தில் 0.75 சதவீதமும் முதலாளியிடமிருந்து 3.25 சதவீதமும் 2019 ஜூலையிலிருந்து அதற்குப் போகிறது. யாருடைய தர்மமும் இல்லை, அவர்கள் காசு. அயனாவரத்தில் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது, கே.கே. நகரில் மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தே ஒன்று இருக்கிறது. தேவை ரெண்டு மெல்லிய ஸ்கோப், அதைக் கழுவிச் சுத்தம் செய்ய ஓர் ஆள், வாரத்தில் ஒரு நாள் காலை. குடல் டாக்டரும் மூக்கு டாக்டரும் ஒரே அறையில் உட்கார வேண்டிய அந்த ஒரு காலை. முதல் வரிசையில் வாய் திறக்காதவர்களை, அடுத்து வாய்ப் புற்றுக்குச் சிகிச்சை முடிந்தவர்களை, அப்புறம் ஆறு மாசத்துக்கு மேல் நெஞ்செரிச்சலுக்கு டிஸ்பென்சரியில் மாத்திரை வாங்குகிறவர்களை உட்கார வைக்கலாம். தொழிற்சங்கங்கள் வருஷா வருஷம் கொடுக்கிற கோரிக்கைப் பட்டியலில் கேன்டீன் இருக்கிறது, ஷூ இருக்கிறது, போனஸ் இருக்கிறது. இது ஒரு வரி. அடுத்த பட்டியலில் கேன்டீனுக்குக் கீழே எழுதிச் சேர்க்கலாம்.